லக்தர் அண்ணன் சுவரில் மாட்டிய அம்மா

என் அண்ணன் லக்தர் தலை நரைக்கும்வரை அல்ஜியர்ஸில் டாக்சி ஓட்டினார். வெளிநாட்டுக்காரர்களை ஹம்மா மேட்டு ஓவிய அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை வாசல் கடையில் தபால் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். உள்ளே தொங்கும் படங்களைத்தான் அட்டையில் அச்சடித்து விற்பார்கள். அண்ணன் உள்ளே போனதே இல்லை. அவர் தேடியது வேறு.

எங்கள் வீட்டில் இறந்தவர்கள் யாருக்கும் போட்டோ கிடையாது. அம்மா போனபோது எனக்கு நடை பழகும் வயது. அப்பாவும் சித்தப்பா அம்மரும் மலைப்பக்கமே மண்ணாகிப் போனார்கள். அட்டைகளில் அவர்கள் சாயலில் ஒரு முகம் கிடைத்தால் அண்ணன் வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார். தாடிக் கிழவர் ஒருவர் எங்கள் அப்பா. தலைப்பாகைக்காரன் சித்தப்பா. வெள்ளைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிய ஒருத்தி அம்மா. அவள் கழுத்தில் சிலுவை தொங்கியது. அது தெரியாதபடி கத்தரித்துவிட்டார்.

"உதடு கொஞ்சம் தடிப்பு. மத்தபடி அம்மாதான்" என்பார் என்னிடம்.

அவருடைய மகள் ஹூரியா விவரம் தெரிந்தபின் தோழிகளை வீட்டுக்குள் அழைக்கவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். பெரியவர்கள் படம் இல்லாத வீட்டை எங்கிருந்தோ ஓடிவந்த கூட்டம் என்பார்கள். ஹூரியாவைப் பார்க்க மாப்பிள்ளையின் தாய் ஸுலைக்கா வந்தாள். கூடவே அவள் நாத்தனார் நஸீமா, பள்ளிக்கூட டீச்சர்.

"யாருங்க இவங்க?" என்று அம்மா படத்தைக் காட்டிக் கேட்டாள் நஸீமா.

"எங்கம்மா" என்றார் அண்ணன், வாசல்படியில் நின்றபடி. "பொண்ணுக்கு அவங்க ஜாடை."

நஸீமா எழுந்து கிட்டே போனாள். "வருஷா வருஷம் பிள்ளைங்கள மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயி இவளக் காட்டுறேன். படிக்கட்டுப் பக்கத்துல தொங்குறா. கடலுக்கு அந்தப் பக்கத்து வண்ணாத்தி. உங்கம்மா எப்போ அங்க போயித் துணி வெளுத்தாங்க?"

ஸுலைக்கா சிரித்த சிரிப்பில் காபி மடியில் சிந்தியது. "அப்போ அந்தத் தாடிக்காரர் யாரு, பாதிரியாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள், மக்ரூத் இனிப்புத் தட்டோடு நின்ற ஹூரியா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் சும்மா அலங்காரம், டீச்சரம்மா. அப்பாவுக்குப் படிப்புக் கிடையாது. பளபளன்னு எதைப் பார்த்தாலும் வாங்கிட்டு வந்து மாட்டிடுவார். விளையாட்டுக்கு எங்கம்மான்னு சொல்வார். இல்லப்பா?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாம்மா, விளையாட்டுத்தான். இவ யாரோ எவளோ."

சொல்லிவிட்டு வெளியே போய், காலையில்தான் கழுவிய டாக்சியை மறுபடி கழுவினார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதினார்கள், கல்யாணமும் நடந்தது. அதற்கு முன்பே அண்ணன் சட்டங்களை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்துவிட்டார்.

"உங்கிட்டயே இருக்கட்டும். பொண்ணோட மானம் போகுது."

படங்கள் எங்கே போயின என்று ஹூரியா கேட்டதில்லை. புருஷனோடு வரும்போதெல்லாம் அந்த வெறும் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

போன மழைக்காலத்தில் அண்ணன் கண்ணை மூடினார். துக்க வீட்டில் ஹூரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, பாட்டி படம் உங்ககிட்டதானே இருக்கு?"

எடுத்துவந்து கொடுத்தேன்.

"நெஜமாவே இப்படித்தான் இருந்தாங்களா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? அம்மான்னா எனக்கு இந்த மூஞ்சிதான். அவர் வேற எதையும் காட்டலையே."

"அன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சார், அத்தை" என்றாள். சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது நஸீமா டீச்சர் தடியூன்றி வந்தாள். கண்ணில் புரை. துக்கம் விசாரித்துவிட்டு, ஹூரியா மடியிலிருந்த சட்டத்தை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"உன் பாட்டியா? அப்படியே உன் தாடைடி" என்றாள். "இப்படி ஒரு முகத்த இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க?"

ஹூரியாவின் காது மடல் சிவந்தது. தலை நிமிரவில்லை.

"ஒளிச்சு வச்சிருந்தோம், டீச்சரம்மா" என்றாள்.