அம்மன் கழற்றிய மூக்குத்தி

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. ரிங்லெட் டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சரிவில், நானும் என் வீட்டுக்காரரும் கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தோம். மழை ஈரத்தில் அவர் கால் வழுக்கியது. கைப்பிடி என் மூக்கில் வந்து மோதியது. மளுக்கென்று ஒரு சத்தம். அது என் எலும்பு என்று புரியவே நேரமாயிற்று.

டவுன் கிளினிக்கில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "எலும்பு விலகிடுச்சு. மூக்கு நடுச்சுவர்ல ரத்தம் கட்டியிருக்கு. உடனே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறி எடுக்கணும். விட்டா மூக்கே உள்ள அமுங்கிடும். மூக்குத்தியக் கழட்டிடுங்க."

எனக்குப் பகீரென்றது. மூக்குக்காக இல்லை, மூக்குத்திக்காக! கல்யாணத்துக்குப் போட்டது. புருஷன் இருக்கும்போது கழற்றினால் அவருக்கு ஆகாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பயம். "வேணாம் லா, தானா வத்திடும்" என்று வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட மடத்தனம்!

விடிந்தபோது இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டன. வாயால்தான் மூச்சு. அவர் அழுதேவிட்டார். "நான்தானே இடிச்சேன்? கழட்டு புள்ள, எனக்கு ஒண்ணும் ஆவாது." நான் கேட்கவில்லை. மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

"தாயே, மூக்கு வேணுமா புருஷன் வேணுமான்னு கேக்குறியே! நீயே வழி சொல்லு."

வெள்ளிக்கிழமை அபிஷேக நேரம். பூசாரி திரையை விலக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மன் மூக்கில் மூக்குத்தி இல்லை!

"ஐயா, ஆத்தா மூக்குத்தி எங்க?"

"அபிஷேகத்துக்குக் கழட்டித்தானேம்மா வைப்போம்? முடிஞ்சதும் போட்டுடுவோம். நீ பாத்ததே இல்லையா?"

இல்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அலங்காரமே முடிந்திருக்கும். இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்த வெறும் முகத்தைப் பார்த்தேன். அவளே கழற்றுகிறாளே, மாட்டேன் என்று சொல்ல நான் யார்? வீங்கிய மூக்கில் என்னால் திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் அவள் முன்னாலேயே கழற்றினார்.

அப்படியே வாடகைக்கு ஒரு கெரேத்தா பிடித்து, அந்தக் காரிலேயே மலை இறங்கினோம். பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ரத்தத்தை எடுத்து, எலும்பையும் நேராக்கினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூக்கு இருந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்து கண் திறந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். உயிரோடு, கல்லுக்குண்டு மாதிரி. சட்டைப் பையில் என் மூக்குத்தி.

அம்மனை நம்புகிற அக்கா தங்கைகளே, அவளிடம் அழுங்கள், கட்டாயம் வழி காட்டுவாள். காட்டியதும் என்னைப் போல் அடம்பிடிக்காமல் கிளம்பிவிடுங்கள். இப்போது வெள்ளிதோறும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு, நான் அபிஷேகத்துக்கே போய்விடுகிறேன்.