அக்கார்டியன் சத்தம் உள்ள பெட்டி

சிறுவயதில் என்னை ஓரிடத்தில் உட்காரவைக்க யாராலும் முடிந்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வார். சாப்பிடும்போது வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவேன். ஆனால் காது மட்டும் நல்ல காது. எஸ்டேட்டுச் சாலையில் லோரி வரும் சத்தத்தை வைத்தே, அது தேயிலை ஏற்றி வருகிறதா, காய்கறி ஏற்றி வருகிறதா, வெறுமனே வருகிறதா என்று அது வளைவு திரும்பும் முன்பே சொல்லிவிடுவேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்குப் ‘பாம்புக் காது’ என்று பெயர். அந்தக் காதை நம்பித்தான் சித்தப்பா மோசம் போனார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. எங்கள் லயத்திலேயே பக்கத்து வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் அறையில் வேலை. அந்த அறையில் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இலை வந்துவிட்டது, மெஷினை நிறுத்து, தண்ணீர் வேண்டும், துரை வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. வீட்டிலும் சித்தப்பாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சித்தியோ நேர்மாறு. அவர் “சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டாலே சண்டை தொடங்கிவிட்டது போல இருக்கும். நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு வாய்க்காரி வந்து வாய்த்தாளே என்று லயமே பரிதாபப்படும்.

சித்தப்பாவிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று இருந்தது. நான் ஏதாவது சொல்ல வந்தால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முகத்தையே பார்த்துக் கேட்பார். மற்ற பெரியவர்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டுவார்கள். என்னை மதித்துக் கேட்ட ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் எஸ்டேட்டு இளைஞர்கள் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகன்தான் தலைவன், கித்தார் வாசிப்பான். எங்கள் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை கல்யாணங்களுக்குப் போவார்கள். புதுப்பாட்டெல்லாம் அமர்க்களமாக வரும். ஆனால் எந்தக் கல்யாணத்திலும் பந்தி முடிந்ததும் பெரியவர்கள் பழைய பாட்டு கேட்பார்கள். அந்தப் பாட்டுகளில் இரண்டு சரணங்களுக்கு நடுவே அக்கார்டியன் இழைந்து வரும். அது இல்லாவிட்டால் உப்பில்லாத குழம்புதான். இருந்த ஒரே அக்கார்டியன்காரரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், அக்கார்டியனையும் எடுத்துக்கொண்டு.

சித்தப்பாவுக்கு அந்த இடையிசையெல்லாம் தலைகீழ்ப் பாடம். கோயில் ஆர்மோனியத்தில் பழகிய விரல்கள். புதுப்பாட்டு மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. “இப்ப வர்ற பாட்டெல்லாம் வெறும் எரைச்சல்லா” என்று ஒதுக்கிவிடுவார். அது வறட்டுப் பிடிவாதம் என்பது அப்பாவின் கட்சி. குழுவில் சேர வேண்டும் என்று சித்தப்பா வருடக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மண்டோர் மகனே வீடு தேடி வந்தான்.

“அண்ணே, அக்கார்டியன் சத்தம் வர்ற சிந்தசைசர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆபீஸ் கிராணி வீட்டுக் கல்யாணத்துல வாசிங்க. சரியா அமைஞ்சிருச்சுன்னா அப்புறம் நீங்க நம்ம ஆளுலா.”

சித்தப்பா அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே எங்கள் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஈப்போவில் வாத்தியம் விற்கும் சீனர் கடைக்குப் போகிறாராம். “இவளையும் அனுப்புங்கண்ணி. நல்ல காது” என்றார். அப்பா சிரித்தார். நான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் அந்தச் சாலையில் எத்தனை வளைவு என்று எண்ணத் தொடங்கியவர்கள் யாரும் எண்ணி முடித்ததில்லை. பாதியிலேயே வாந்தி வந்துவிடும். சித்தப்பா எனக்குப் புளிப்பான அசாம் பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் வாங்கித் தந்தார். இரண்டும் பயன்பட்டன. தாப்பாவில் பஸ் மாறி ஈப்போ போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பசியும் எரிச்சலும் ஒன்றாக இருந்தன. மலைக்குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஊர் வெயில் வேறு ஆகவில்லை.

கடை முதலாளியான தவ்கே முதலில் காட்டிய சிந்தசைசரின் விலையைக் கேட்டதும், சித்தப்பா அதன் மேல் வைத்த கையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு வருடம் சிகரெட்டை விட்டுச் சேர்த்த காசுக்கு அகப்பட்டவை இரண்டுதான்.

ஒன்று, ஏதோ ஓட்டலில் வாசித்த குழு விற்றுவிட்டுப் போன பழைய பெட்டி. இரண்டு பக்கமும் மரம். முகமெல்லாம் திருகுகள். அதில் இரண்டு திருகுகளுக்குத் தலையே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பாடும்; இரண்டை அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். ஒவ்வொரு சத்தத்தையும் நாமே திருகித் திருகித் தேட வேண்டும். இன்னொன்று புத்தம்புதியது. வெள்ளை பிளாஸ்டிக். ஒரு பொத்தானுக்கு ஒரு சத்தம்: பியானோ, புல்லாங்குழல், அக்கார்டியன். கூடவே தாளமும் போடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் யாரும் தொடாமலே பெட்டி ஒரு பாட்டை வாசிக்கும். வாசிக்க வாசிக்கச் சின்னச் சின்ன விளக்குகள் ஓடும்.

தவ்கே பழைய பெட்டியைத் திருகினார். முதலில் பூனை கத்தியது, பிறகு சங்கு ஊதியது. திருகத் திருக ஒன்றுமே உருப்படியாக வரவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். நான் கடைக்குள் பத்து முறை நடந்துவிட்டேன். பதினோராவது முறை நடக்கும்போது சத்தியமாக அக்கார்டியன் கேட்டது. அப்பாவின் ரேடியோவில் ஞாயிறு மதியம் வரும் அதே சத்தம், மூச்சு வாங்கி மூச்சு விடும் அதே இழுப்பு. நான் நின்றுவிட்டேன்.

சித்தப்பா ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். வாடிய இலையை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பதம் பார்ப்பவர் அல்லவா, எதையும் கையால் தொட்டால்தான் அவருக்குத் திருப்தி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புதுப்பெட்டியின் அக்கார்டியன் பொத்தானை அழுத்தி, அதன் மேலும் கை வைத்துப் பார்த்தார். அது அக்கார்டியன் போலவே இல்லை. ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹாரன் போல இருந்தது.

சித்தப்பா குனிந்து என் தாடையைத் திருப்பினார். “பழைய பாட்டுல வர்ற சத்தம் எதுல இருக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

நான் யோசிக்கத்தான் செய்தேன். அந்தச் சிவப்புப் பொத்தானைப் பற்றி. லயத்துப் பிள்ளைகள் சுற்றி நிற்க, நான் அதை அழுத்துவதைப் பற்றி. கை தானாகவே வெள்ளைப் பெட்டியைக் காட்டியது.

“இதுலயா? எனக்கு அந்தப் பெட்டிதான் கையில நல்லா ஏறுச்சு.”

“இதுதான் சித்தப்பா. அச்சு அசல்.”

அவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒன் காதுக்குத் தப்பு வராது” என்று சொல்லிவிட்டுக் காசை எடுத்தார். கடைசி நிமிடத்தில்கூட ‘இல்லை சித்தப்பா’ என்று சொல்லியிருக்கலாம். தவ்கே அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டி முடிக்கும் வரை நேரம் இருந்தது. நான் அந்த நேரத்தில் வாசலில் நின்று சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பொத்தானின் மவுசு நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. அதன் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. சித்தப்பா வேலை முடிந்து வந்து ஒவ்வொரு மாலையும் ஒத்திகை பார்ப்பார். பக்கத்து வீட்டிலிருந்து ரொட்டிக்காரன் ஹாரன் பழைய பாட்டு பாடும். எனக்கு இருப்புக் கொள்ளாது. தண்ணீர் எடுக்கிறேன், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன் என்று வெளியே ஓடிவிடுவேன். கேட்காத வேலையெல்லாம் செய்கிறாளே என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். வாசித்து முடித்ததும் சித்தப்பா என்னைத் தேடி வந்து “சரியா வருதாம்மா?” என்பார். நானும் தலையை ஆட்டுவேன்.

கிராணி வீட்டுக் கல்யாணம் எஸ்டேட்டு மண்டபத்தில் நடந்தது. பந்தி முடிந்தது. கிராணியின் மாமனார் எழுந்து பழைய பாட்டு ஒன்றைக் கேட்டார். சித்தப்பா மேடைக்குப் போய், கட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. அடுத்து அக்கார்டியன் வர வேண்டிய இடம்.

ஹாரன் அடித்தது. கூடவே அவர் விரல் தவறிப்போய்த் தாளப் பொத்தானிலும் பட்டிருக்க வேண்டும். டிக் டிக் டிக் என்று பெட்டி தன் போக்கில் ஒரு தாளத்தைப் போட்டது. டிரம்ஸ் ஒரு பக்கம் போயிற்று, பெட்டி ஒரு பக்கம் போயிற்று.

“டேய், ரொட்டிக்காரன் வந்துட்டான்டா! ரெண்டு ரொட்டி வாங்குங்க!” என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். மண்டபமே சிரித்தது. கிராணியின் மாமனாரும் சிரித்தார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகமாகவே வாசித்துக்கொண்டிருந்தார்.

மண்டோர் மகன் கித்தாரோடு அவர் பின்னால் நகர்ந்துபோய், பெட்டியின் சத்தத்தை ஒரே திருப்பாகத் திருப்பி அடக்கிவிட்டான். ஹாரனும் நின்றது, டிக் டிக்கும் நின்றது. ஆனால் சித்தப்பா நிறுத்தவில்லை. ஊமையாகிப்போன அந்தப் பெட்டியில் விரல்கள் ஓடின. இரண்டாம் சரணத்துக்கும் வாசித்தார், மூன்றாவதற்கும் வாசித்தார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன வீம்பு இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். வெட்கம் தாங்காமல் மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஓடிப்போனேன்.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. சித்தப்பா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் நாலடி பின்னால். மண்டோர் மகன் “நல்லா இருந்துச்சுண்ணே, அப்புறமா சொல்லி அனுப்புறோம்” என்று சொன்னதை நானும் கேட்டிருந்தேன். சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது. லயத்து வளைவு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“சித்தப்பா, நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பழைய பெட்டிதான் சரியா இருந்துச்சு. எனக்கு லைட்டு எரியறது வேணும்னு இதைச் சொன்னேன்.”

அவர் திரும்பவில்லை. நடையும் மாறவில்லை. நான் நின்றேன். அவர் கொஞ்ச தூரம் போய், நான் வராததைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தார். இடது கையை நீட்டி வா என்று சைகை காட்டினார். நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரை அவர் அதை விடவில்லை.

அடுத்த நாள் திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்கடுத்த நாளும் காத்திருந்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவரோ எப்போதும் போல என் தாடையைப் பிடித்துத் திருப்பி, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டும் கேட்காதது போல விட்டுவிட்டாரே, இவரைப் போல ஒரு பெரிய மனசுக்காரர் உண்டா என்று உருகிப்போனேன். குழுவுக்குத் தாப்பாவிலிருந்து வேறு ஆள் வந்தான். வெள்ளைப் பெட்டி எங்கள் எல்லாருக்கும் விளையாட்டுச் சாமானாயிற்று.

பல வருடம் கழித்து, நான் கம்போங் ராஜாவில் ஆசிரியையாக இருந்தபோது, சித்தப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று டாக்டர் கேட்டார். வயதாகிவிட்டது, இப்போது கொஞ்ச நாளாகத்தான் என்று நான் சொல்லத் தொடங்கினேன். சித்தி குறுக்கிட்டார்.

“இவ சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போச்சு டாக்டர். மொகத்தப் பாத்துப் பேசினாதான் வெளங்கும், பின்னால நின்னு கத்தினாலும் தெரியாது. பேண்டுல சேத்துக்க மாட்டாங்கன்னு யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

டாக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன், கதவுக்குப் போனேன், மறுபடி ஜன்னலுக்கு வந்தேன்.

காதில் கருவி மாட்டிக்கொண்டு மலையேறி வந்த அன்று, பஸ்ஸில் ஒவ்வொரு சத்தத்துக்கும் சித்தப்பா தலையைத் திருப்பிக்கொண்டே வந்தார். பாதி வழியில் என்னைப் பார்த்து, “ஏதாச்சும் பேசும்மா, கேப்போம்” என்றார். மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னேன். பனியில் நாலடி பின்னால் நின்று நான் சொன்னதை இதுவரை யாருமே கேட்கவில்லை.