இருபத்திரண்டு மில்லிமீட்டர்

ஆய்வகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்றுதான் பெயர். வெள்ளைக் கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன எஃகு ஸ்கேல் இருக்கும். பெண்களின் பிறப்புறுப்பில் தொற்றும் ஈஸ்ட் பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பாள். அதன்மேல் செடிகொடிகளின் சாற்றை வைப்பாள். மறுநாள் பூஞ்சை வளராமல் விட்ட வட்டத்தை அளந்து எழுதுவாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. கேட்கிறவர்கள் முகம் சுளித்தால், "பாதி ஜனத்துக்கு வர்ற தொல்லை. வெட்கப்பட எனக்கு நேரமில்ல" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான்.

பதினோரு செடிகள் கையை விரித்துவிட்டன. பன்னிரண்டாவது, வேலியோரம் முளைக்கிற ஒரு கசப்பு இலை, இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு வட்டம் போட்டது. ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. களிம்பாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு, வியாழக்கிழமை மதியம் நெறிமுறைக் குழுவின் முன் போக நாளும் குறித்துவிட்டார்.

ஸ்கேல் அக்காவுக்கு அதைவிட அவசரம். அவள் தங்கைக்கு இந்தத் தொற்று மூன்று வருடமாக வருவதும் போவதுமாக இருந்தது. கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைக்கு அடங்கும். இரண்டே மாதத்தில் அரிப்பும் எரிச்சலுமாகத் திரும்பி வந்து நிற்கும். டாக்டரிடம் போ என்றால் அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

"அந்த இலைச் சாறு கொஞ்சம் கொண்டு வாக்கா. இன்னும் எத்தனை நாள் நான் இப்படி அவதிப்படறது?"

கூடப் பிறந்தவள் அழுதால் மனசு கேட்குமா? புதன்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு சின்ன பாட்டிலோடு குளிர்பெட்டியைத் திறந்தாள்.

சாற்றை ஊற்றும்போது குப்பென்று ஆல்கஹால் வாடை அடித்தது. கை அப்படியே நின்றது. இலையை ஆல்கஹாலில் ஊறவைத்துத்தான் சாறு எடுப்பார்கள். சாற்றில் நனைத்த காகித வில்லையை ஒரு மணி நேரம் உலர்த்தி, ஆல்கஹால் பறந்த பிறகே பூஞ்சையின்மேல் வைக்க வேண்டும். அந்தச் சோதனையன்று தங்கை அலுவலகக் கழிப்பறையிலிருந்து அழுதுகொண்டே போனில் கூப்பிட்டிருந்தாள். பதறியடித்துக் கிளம்பும் அவசரத்தில் இவள் வில்லையை ஈரத்தோடு வைத்துவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் ஆல்கஹால் வில்லையோ முந்தின நாளே காய்ந்துபோயிருந்ததால், அதைச் சுற்றி வட்டமே விழவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியானால் பூஞ்சையைத் தடுத்தது இலையா, ஆல்கஹாலா? இதையா தங்கைக்குத் தடவக் கொடுக்க இருந்தோம்?

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். புது வில்லைகளை நன்றாகக் காயவைத்து, சோதனையை முதலிலிருந்து செய்தாள். மறுநாள் காலை வட்டம் எட்டு மில்லிமீட்டர். அதிலும் ஆறு, வில்லையின் அகலம்; இலை ஏறக்குறைய எதையுமே தடுக்கவில்லை.

நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். "தப்பு என்னோடது சார். ஈரம் காயறதுக்குள்ள வச்சுட்டேன்."

அவர் முகம் தொங்கிப்போனது. "நீங்க சொல்லலேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேம்மா."

"அதான் சார் பயமா இருந்துச்சு."

அன்றைய கூட்டத்தை ரத்து செய்தார்கள். பத்தொன்பது வருடம் சம்பாதித்த நல்ல பெயரை இப்படித் தானே கொண்டுபோய் மேசைமேல் வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

சாயங்காலம் வெறுங்கையோடு தங்கை வீட்டுக்குப் போனாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "நீ பண்றதும் தப்புதான்டி. எந்த வகைப் பூஞ்சைன்னு டெஸ்ட் பண்ணாம மாத்திரை முழுங்கற. எல்லாம் ஒரே மாத்திரைக்கு அடங்காது." திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தாள்.

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"இதைத் தடவு, அதைக் குடின்னு ஊரே சொல்லுச்சு. நான் தப்பு பண்ணிட்டேன், தடவாதேன்னு சொன்னது நீ ஒருத்திதான். எந்த டாக்டர்னு சொல்லு. நாளைக்கே போலாம். நீயும் கூட வா."