அதிரசத்தில் இரண்டு பிடி மைதா

எங்கள் மகளுக்குப் பதிமூன்று வயது. தீபாவளிக்குத் தீபாவளி வயிறு கெட்டு, ஒரு வாரம் சுருண்டு கிடப்பாள். கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். வெடிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். தெம்பு வரட்டும் என்று பன்னை டீயில் முக்கி நானே ஊட்டினேன். இந்த வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான், காளவாசலில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கோதுமை இவள் குடலுக்கு ஆகாது. மைதா, ரவை எதுவும் துளிகூடக் கூடாது, ஆயுசுக்கும். குடல் ஆறுகிறவரை பாலும் நெய்யும் வேண்டாம்.

பண்டிகைக்கு வீட்டில் என்ன பலகாரம் என்று கேட்டார்.

என் கணவர் சிரித்தார். "அதிரசந்தான் சார். நெய்ய வேணா விட்டுருவோம். மத்தபடி பச்சரிசியும் வெல்லமும்தான். அது ஒண்ணும் பண்ணாது."

"அப்ப தாராளமா சாப்பிடட்டும்" என்றார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அதிரசத்தில் மைதா இருப்பது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்குப் பாகு பதம் தப்பிவிட்டது. மாவை எண்ணெயில் போட்டால் பிரிந்து பிரிந்து போகிறது. மாமியார் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு பிடி மைதாவை அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். அடுத்தது முழுசாக எழும்பி வந்தது. "என்னமா கைப்பக்குவம்!" என்று தெருவே மெச்சியது. அதற்குப் பிறகு மைதா இல்லாமல் சுட எனக்குத் தைரியமே வரவில்லை. பதினாறு வருடம். வாங்கிய பேரை விட மனசில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் முன்னால் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன ஜென்மம் நான்?

வீட்டுக்கு வந்ததும் கிண்டி வைத்திருந்த மாவைக் குப்பையில் கொட்டினேன். "இந்த வருசம் எண்ணெச்சட்டி வேணாம், ஓவன்ல சுடப் போறேன்" என்றேன். எண்ணெயில்தானே பிரியும், தட்டில் வைத்துச் சுட்டால் எங்கே போகும்? பச்சரிசி மாவு, வெல்லம், நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், சுக்கு, ஏலம், எள். முதல் தட்டு ஓட்டுச்சில்லு மாதிரி இருந்தது. "பல்லு போயிரும்மா" என்றாள் மகள். கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மூன்றாவது தட்டு வாயில் கரைந்தது. அவள் ஃபோனில் தேடி, "பாலு, கோதுமை இல்லாத இதுக்குப் பேரு வீகன், குளூட்டன் ஃப்ரீ குக்கீயாம்" என்று குதித்தாள்.

"தீபாவளிக்கு பிஸ்கட் சுடுற மொத வீடு நம்ம வீடுதான்" என்றார் கணவர். நானும் சிரித்து வைத்தேன். தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தீபாவளிக் காலையில் பழங்காநத்தத்திலிருந்து நாத்தனார் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். "ஏன் மதினி, நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்கு பிஸ்கட்டா? நீங்க போன மாசம் குடுத்து விட்ட மாவுதான். நெய்யே தொடல, கடலெண்ணெயில சுட்டேன். தின்னு தாயி."

அதிரச மாவு வாரக்கணக்கில் கெடாது. அதனால் முன்கூட்டியே கிண்டி அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்து விடுவேன். டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம் கொடுத்தது. என் பங்கைக் கொட்டியவளுக்கு அவள் பங்கு நினைப்பிலேயே இல்லை. மகள் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

பாய்ந்து தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு விழுந்தது. நாத்தனார் முகம் செத்துப்போனது.

"அதுல மைதா இருக்கு" என்றேன்.

"எந்தங்கச்சி எதுக்கு மைதா போடப்போறா?" கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ போடல. நாந்தான். வந்த வருசத்துலருந்து போடுறேன்."

வெளியே எவனோ சரவெடி வைத்தான். அது ஓயும்வரை மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா டாக்டர்ட்ட சொல்லும்போது நீ பக்கத்துலதானம்மா இருந்த?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் கத்தவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குக்கீ டப்பாவை அவளிடம் நீட்டினேன்.

அவள் கை நீட்டவில்லை. "இதுல என்னென்ன போட்டுருக்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

"சத்தியமா?"

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் ஒன்றை எடுத்தாள். இன்றைக்கும் நான் தட்டில் எது வைத்தாலும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறாள்.