புதுத்தண்ணீரோடு ஒன்பது கிலோமீட்டர்

மங்களாம்பிகை என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கோரைமங்கலத்தில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் லஸ்கரக்கா. குடமுருட்டியிலிருந்து பிரிகிற தாமரைக்குழி வாய்க்காலின் தலைப்பு ஷட்டரை ஏற்றி இறக்குவதும், ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் கடைமடையான கடம்பவிளாகம் வரைக்கும் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று கரையோடு நடந்து பார்ப்பதும் அவள் வேலை. அப்பா வீரையன் இதே வாய்க்காலுக்கு லஸ்கராக இருந்து பணியிலேயே இறந்துபோனதால் வாரிசு முறையில் வந்த வேலை அது. இப்போது அவளுக்கு நாற்பது வயது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். வீட்டில் அவளும் அம்மா காளியம்மாளும் மட்டும்.

வருடத்தில் ஒரு நாள் அவள் வேறு ஆளாக இருப்பாள். கல்லணை திறந்து, ஆற்றில் வந்த தண்ணீரை வாய்க்காலுக்குள் விடுகிற நாள் அது. ஷட்டரை ஏற்றிவிட்டு, தண்ணீரின் நுனிக்குப் பக்கத்திலேயே நடப்பாள். மாதக்கணக்கில் காய்ந்து வெடித்த மண்ணில் புதுத்தண்ணீர் ஓடி வருவதில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்து வரும். வெடிப்பைக் கண்டால் நின்றுவிடும். வெடிப்பு குடித்து முடிக்கிறவரை காத்திருந்து மறுபடி நகரும். முன்னால் சருகும் வைக்கோலும் பழுப்பு நுரையும் மிதந்து வரும். எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு கரையேறும். அதைக் கொத்த மடையான்கள் வரிசையாக வந்து இறங்கும். அந்த வேகத்துக்கு நடந்தால் கொஞ்ச நேரத்தில் நடப்பதே மறந்துபோகும். வழியில் யாராவது கூப்பிட்டால்கூட மங்களா தூக்கத்திலிருந்து விழித்தவள்போலப் பார்ப்பாள். வாய்க்காலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நடக்கிறாள் என்று ஊர் நினைத்தது. இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் மேட்டூர் திறந்த மறுநாள் சாயங்காலம், ஷட்டர் பல்சக்கரங்களுக்கு அவள் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பூர்ணிமா, ஐந்தாம் வகுப்பு, வாயாடி. பக்கத்தில் மளிகைக்கடை சைபுல்லா பாயின் மகள் ஃபஹ்மிதா. அவளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. சவூதியில் இருந்த பாய் வேலையை விட்டு வந்து, சென்னை மருத்துவமனைக்கும் ஊருக்குமாக இரண்டரை வருடம் அலைந்தார். இப்போது அவளுக்கு நல்லபடியாகிவிட்டது. கொட்டிப்போன முடி சுருட்டை சுருட்டையாகக் காது வரைக்கும் வளர்ந்திருந்தது.

"லஸ்கரக்கா, தண்ணி என்னிக்கு வருது?" என்றாள் பூர்ணிமா.

"ஏன், உனக்கு நாத்து விடணுமா?"

"இல்ல. நாங்களும் உங்ககூட நடக்கணும். கடைசி வரைக்கும்."

பிள்ளைகள் மாறி மாறிச் சொன்னதை ஒட்டவைத்து மங்களா புரிந்துகொண்டாள். மருத்துவமனையில் ஃபஹ்மிதாவின் பக்கத்துக் கட்டிலில் மயிலாடுதுறைப் பையன் ஒருவன் இருந்தான். ஆறு வயது. பெயர் நெடுஞ்செழியன். ஆளைவிடப் பெயர் பெரிசாக இருக்கிறதென்று ஃபஹ்மிதா கேலி செய்வாளாம். இரண்டு பேருக்கும் அதே நோய், அதே மருந்து. இவளுக்குக் கேட்டது. அவனுக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. ஏன் அப்படி என்று இவள் டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"தெரியலம்மான்னு சொன்னாங்க" என்றாள் ஃபஹ்மிதா. "டாக்டருக்கே தெரியலையாம். என் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு இருக்காங்களாம். நிறையப் பிள்ளைங்களோடதப் பாத்தாத்தான் தெரியுமாம். அதுக்குச் செலவாகுமாம்."

அந்த ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கத்தான் நடை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பிள்ளைகள் தண்ணீரோடு நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறோம் என்று எழுதி வாங்கப்போகிறார்கள். மங்களா கிரீஸ் கையைத் துணியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"கரையிலதான் நடக்கணும். வாய்க்காலுக்குள்ள ஒருத்தர் கால் வைக்கக்கூடாது. வீட்டுப் பெரியவங்க கூட வரணும்" என்றாள்.

டீக்கடை நாகநாதன்தான் முதலில் கேட்டார். "அதான் பாய் பொண்ணு நல்லாயிட்டாளே. இன்னும் எதுக்கு?"

"ஃபஹ்மிதாவுக்கு இல்ல மாமா. ஏன் ஒருத்தருக்குக் கேக்குது, ஒருத்தருக்குக் கேக்கலைன்னு கண்டுபிடிக்க" என்றாள் பூர்ணிமா.

"அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்காதா?"

"பாத்துக்கட்டும். நாங்களும் பாக்கறோம்."

நாகநாதனுக்குக் கடம்பவிளாகத்தில் ஒன்றரை மா குத்தகை நிலம் இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரி. தண்ணி கடைமடை போய்ச் சேந்தா கிலோமீட்டருக்கு நூறு. சேரலைன்னா ஒண்ணும் கிடையாது." அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்களும் அதே நிபந்தனையைப் போட்டார்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆனி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை விடிந்ததும் ஷட்டர் ஏறியது. பதினான்கு பிள்ளைகள். ஐந்தாறு அம்மாக்கள். ஃபஹ்மிதாவின் அம்மா நஃபீசா குடையும் குளுக்கோஸ் பாக்கெட்டுமாக வந்தாள். மொபட்டில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு பாய் பின்னாலேயே உருட்டி வந்தார். மதகுக்கடியில் பீறிட்ட தண்ணீர் பத்தடி தாண்டியதும் சாந்தமாகி, மெல்ல மண்ணைத் தடவ ஆரம்பித்தது. சத்தம் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் அரை கிலோமீட்டரில் தானாகவே அடங்கிப்போனார்கள். மண் நனைகிற வாசனை முன்னால் போக, தண்ணீர் நடுவில் வர, பிள்ளைகள் பக்கத்தில் நடந்தார்கள். வெயில் ஏறியதுகூட யாருக்கும் தெரியவில்லை. களத்துமேட்டுப் பெண்கள் வந்து மஞ்சளும் பூவும் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டார்கள். அப்படியே பிள்ளைகள் கையில் பத்தோ இருபதோ வைத்தார்கள். ஃபஹ்மிதா அம்மாவின் போனில் நெடுஞ்செழியனைக் கூப்பிட்டு, தண்ணீரின் நுனியைக் காட்டினாள். மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்த அவன், "ஏன் இவ்ளோ மெதுவா வருது?" என்றான். "அதுக்கு வழி தெரியாதுல்ல" என்றாள் இவள்.

மதியம் நாலாவது கிலோமீட்டரில், புங்கமரத்தடியில் எல்லோரும் புளிச்சாதம் சாப்பிட்டார்கள். அப்போது பூர்ணிமாவின் தங்கை, இரண்டாம் வகுப்புக் குழந்தை, கரைச் சரிவில் இறங்கி, கலங்கிய தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காத!"

மங்களாவிடமிருந்து அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. மரத்திலிருந்த மைனாக்கள் எழும்பிப் போயின. அவள் ஓடிப்போய் அந்தக் குழந்தையின் கையைத் தட்டிவிட்டு, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். குழந்தை அழுதது. அம்மாக்கள் வந்து சமாதானம் செய்து கூட்டிப்போனார்கள். மங்களா சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபஹ்மிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க்கா இவ்ளோ பயந்துட்டீங்க?"

ஏன் அந்தப் பெண்ணிடம் சொன்னோம் என்று மங்களாவுக்குப் பிறகும் விளங்கவில்லை. ஒருவேளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். ராஜராஜன்னு பேரு. எட்டு வயசு. அப்ப எனக்குப் பதினாலு. இதே மாதிரி புதுத்தண்ணி வந்த அன்னிக்கு, தாகமா இருக்குன்னான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சோம்பல்பட்டு, இதையே குடிடான்னு நான்தான் அள்ளிக் குடுத்தேன். பத்தே நாள். காலெல்லாம் நாவப்பழக் கலர்ல திட்டுத் திட்டா வந்துச்சு. பல்லு விளக்கினா ரத்தம். தஞ்சாவூர், அப்புறம் மெட்ராசு. ரத்தத்துல கோளாறுன்னாங்க. மருந்து கேக்கல. அடுத்த ஆடிக்கு அவன் இல்ல."

நுரை ஒன்று அவர்கள் காலடியில் வந்து நின்று, உடைந்து, நகர்ந்தது.

"வீட்டுல யாரும் அதப் பத்திப் பேசல. நானும் சொல்லல. வருசா வருசம் இது கூடவே நடந்து பாக்கறேன், இதுல என்னதான் வருதுன்னு."

 ஃபஹ்மிதா, பாடம் ஒப்பிப்பதுபோல இல்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள்: "அது எனக்கு வந்ததேதான். தண்ணியால வராதுக்கா. எங்க உம்மா தினமும் அழுவாங்க, நான்தான் அதக் குடுத்தேன், இதக் குடுத்தேன்னு. டாக்டரம்மா உம்மாவ உக்காரவச்சு சொன்னாங்க. எதனாலன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல, ஆனா நீங்க குடுத்தது எதனாலயும் இல்ல, யார் செஞ்ச தப்பும் இல்லன்னு. உங்க தம்பிக்கு அதுக்கு முன்னாடியே வந்திருக்கும். அதான் தாகமா இருந்திருக்கும், சோர்வா இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

இருபத்தாறு வருடம். மங்களா அழவில்லை. புங்க இலைகளுக்கு நடுவே வெயில் சில்லறையாக விழுந்து தண்ணீர்மேல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோலவும், அது இறங்கியதை உடம்பு இன்னும் நம்பாததுபோலவும் இருந்தது. நஃபீசா வந்து பார்த்தாள். ஒரு டம்ளரில் குளுக்கோஸ் கலந்து கொடுத்தாள். "குடிங்கக்கா."

பொழுது சாய்கிறபோது தண்ணீர் ஏழரை கிலோமீட்டரில் ஒரு மணல்திட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நகரவே இல்லை. மண் குடித்துக்கொண்டே இருந்தது. பூர்ணிமா கரையில் குந்தி, "வா, வா" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

"வராதா லஸ்கரக்கா?"

"வரும். இன்னிக்கு இல்ல. காலைல வாங்க."

பிள்ளைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார் பாய். மங்களா வீட்டுக்குப் போய்க் குளித்தாள். அம்மா தோசை வார்த்து வைத்தாள். இரண்டாவது தோசையில் மங்களா சொன்னாள்.

"அம்மா, தம்பிக்கு வந்தது புத்துநோய்."

காளியம்மாள் தோசைத்திருப்பியைக் கீழே வைத்தாள். அந்தச் சொல்லும் சரி, அவனைப் பற்றிய பேச்சும் சரி, அவன் போனபிறகு அந்தச் சமையலறையில் கேட்டதில்லை. மங்களா வாய்க்கால் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். ஃபஹ்மிதா சொன்னதையும் சொன்னாள்.

"நீயா? நீ என்னடி பண்ணுவ" என்றாள் அம்மா. "அவன் வயித்துல இருக்கறப்ப கிரகணத்தன்னிக்கு நான் வெளிய போனேன். மாட்ட அவுத்துக் கட்ட. உங்க அப்பா வேணாம்னாரு. அதுதான்னு நான் நெனச்சிட்டு இருக்கேன், இந்த நிமிசம் வரைக்கும்."

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பழியாக வைத்திருந்திருக்கிறார்கள். தோசை கருகியது. யாரும் எடுக்கவில்லை.

காலையில் மங்களா புறப்படும்போது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். மணல்திட்டைத் தண்ணீர் இரவோடு இரவாகத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். வெயில் ஏறாத கடம்பவிளாகத்துக் கரையில் ஆட்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். தண்ணீர் கடைசிக் குழாய்ப்பாலத்துக்குள் நுழைந்து, இருட்டில் கொஞ்சம் தயங்கி, அந்தப் பக்கம் வெளியே வந்தபோது பூர்ணிமா போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். நாகநாதன் சட்டைப்பையைத் துழாவியபடி வந்து, சொன்னதற்கு மேலேயே கொடுத்தார். "புள்ளைங்களா, தண்ணியக் கூட்டிட்டு வந்துட்டீங்களேடா" என்றார்.

பாயும் தலைமையாசிரியையும் சேர்ந்து பணத்தைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்க அது போதும் என்று டாக்டரம்மா பதில் எழுதியிருந்தார். ஐப்பசியில் நெடுஞ்செழியன் இறந்துபோனான். ஃபஹ்மிதா இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

கார்த்திகையில் ஃபஹ்மிதாவைப் பரிசோதனைக்காக நஃபீசா சென்னைக்குக் கூட்டிப்போனபோது மங்களாவையும் துணைக்கு அழைத்தாள். டாக்டரம்மா மூன்று பேரையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் உயரமான ஒரு குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். வெண்புகை வழிந்து தரையெல்லாம் பரவியது. உள்ளே சுண்டுவிரல் அளவுக் குப்பிகள் அடுக்கடுக்காக நின்றன. பெயர் இல்லை, எண்கள் மட்டும்.

"இதுல அவன் இருக்கானா?" என்றாள் ஃபஹ்மிதா.

"அவன் ரத்தம் இருக்கும்மா. இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கோம்" என்றார் டாக்டர். மங்களா அந்தப் புகை தன் காலைச் சுற்றிப் போவதைக் குனிந்து பார்த்தாள். டாக்டர் கதவை மெல்லச் சாத்தினார்.

மறுநாள் பகல் வண்டியில் திரும்பினார்கள். கொள்ளிடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் பூத்து நின்றது. மயிலாடுதுறையில் வண்டி நின்றபோது, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நெடுஞ்செழியனின் அம்மா. நஃபீசா போனில் சொல்லியிருந்தாள்போல. கம்பிக்குள் கையை விட்டு ஃபஹ்மிதாவின் சுருட்டை முடியை ஒதுக்கிவிட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். ஒரு பொட்டலம் கொடுத்தாள். சூடாக இருந்தது, வெல்ல அதிரசம்.

"நீங்கதானே தண்ணியோட நடக்கறவங்க?" என்று மங்களாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாங்க."

அவள் தலையை ஆட்டினாள். வண்டி நகர்ந்தபோது கூடவே நாலடி நடந்து, பிறகு நின்றுகொண்டாள். ஃபஹ்மிதா பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை இரண்டாகப் பிட்டு, மங்களாவிடம் பாதியை நீட்டினாள்.