பாட்டிலில் அடங்காத மருந்து

நான் வாழ்க்கைப்பட்டுப் போன மீனவக் குப்பத்தில் நோயாளிகள் டாக்டரிடம் போவதில்லை. நோயை மட்டும் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் டாக்டர் என்று ஒரு ஆள் கிடையாது. மணலில் நெடுந்தூரம் நடந்து, உப்பனாற்றைத் தோணியில் கடந்தால்தான் கடலூர் முதுநகர். காய்ச்சலில் கிடப்பவரை அந்த மணலில் யார் சுமப்பது? நான் முதுநகரில் பிறந்தவள், வாயும் கொஞ்சம் நீளம். அறுபதுகளில், கல்யாணமான புதிதிலேயே, நோய் சொல்லப் போகிற வேலை என் தலையில் விழுந்தது.

கையில் கழுவிய பாட்டில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்துதான் தருவார்கள், பாட்டில் நம்முடையது. இருமல் என்றால் இருமிக் காட்ட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. வறட்டு இருமல், சளி இருமல், பீடி இருமல் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருமுறை டாக்டர் என்னையே நோயாளி என்று நினைத்து நாக்கை நீட்டச் சொல்லிவிட்டார். நானும் நீட்டினேன்.

பாட்டில் நிறைந்து வந்தால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு உயிர் வரும். ஒரே ஒரு முறை வெறும் பாட்டிலோடு வந்தேன். என் மாமனாருக்காகப் போயிருந்தேன். "மருந்து இனிமே வேலைக்காவாதும்மா, வீட்டுலயே வச்சிப் பாத்துக்குங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். சில நாளில் மாமனார் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து வெறும் பாட்டில் என்றாலே குப்பத்தில் எல்லோருக்கும் அது சாவுச் சேதிதான்.

அந்த வருஷமே என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓர்ப்படியின் பையன் படுத்துவிட்டான். நடை பழகி முடித்த வயசு. தொண்டை கட்டி, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போயிருந்தார்கள். அந்தச் சத்தத்தை இழுத்துப் பழகிக்கொண்டே போனேன். தோணிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டாக்டர் முன்னால் அதேபோல இழுத்துக் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவ காட்டு."

காட்டினேன்.

"தொண்டை அடைப்பான் மாதிரி இருக்கே. புள்ள எங்க?"

"வீட்டுல இருக்குதுங்க."

வெறும் பாட்டிலைத் திரும்ப என் கையிலேயே திணித்தார். "ஊசி போடணும். இப்பவே தூக்கிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். வாசலில் நின்ற ஓர்ப்படி என் முகத்தைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே ஓடிப் பையனை எடுத்து வந்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, புள்ளயக் குடு. டாக்டரு வரச் சொல்றாரு."

"அவுருதான் கைய விரிச்சிட்டாரே, அப்பறம் எதுக்கு அலக்கழிக்கணும்? எம்புள்ள எம்மடியிலயே போவட்டும்."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து ஒரு டாக்டரையும் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பாட்டிலைத்தான் கண்டிருக்கிறாள்.

சத்தம் போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "அக்கா, மருந்து இருக்குது. அது ஊசியில இருக்குது. பாட்டில்ல ஊத்திக் குடுக்க முடியாது. புள்ளதான் அங்க போவணும்."

அழுகை நின்றது. "நெஜமாவா?"

"என் தாலி மேல சத்தியம்."

புருஷன் கடலில் இருக்கும்போது எங்களில் யாரும் அந்தச் சத்தியத்தைச் செய்ய மாட்டோம். அவள் எழுந்தாள்.

மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினோம். கீச்சுச் சத்தம் கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று அதையே கேட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் சொன்னபடியே காத்திருந்தார். ஊசி போட்டு, அங்கேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார். சத்தம் மெல்ல அடங்கி, ஒருநாள் பையன் கஞ்சி கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று, ஓர்ப்படி மருந்து கொடுக்கும் ஜன்னலில் போய் நின்று பாட்டிலை நீட்டினாள்.

"புள்ளைக்குத்தான் சரியாயிடுச்சே, எதுக்கும்மா?" என்றார் கம்பவுண்டர்.

"வெறும் பாட்டிலோட நான் எப்பிடி ஊருக்குள்ள போவேன்? எதையாவது ஊத்துங்கய்யா."

அவர் சிரித்துக்கொண்டே சிவப்பு டானிக்கை நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

குப்பம் கண்ணில் பட்டதும் பையனை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள், பிள்ளையின் முகம் தெரிவதற்கு முன்பே, போட்டது போட்டபடி எங்களை நோக்கி ஓடிவந்தார்கள்.