முட்டிக்கு மேலே

அக்காவின் மாமியார் கை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசி. கடம்பத்தூரில் ரயிலேறித் திருவள்ளூர் டாக்டரிடம் போயிருந்தோம். அக்காவுக்கு இருபது வயது, கல்யாணமாகி ஒரு வருஷம், வலது முட்டியில் தீராத வலி. பெஞ்சில் உட்காரவைத்து, மாமியாரே அவள் புடவையை முழங்கால்வரை ஏற்றி, அங்கேயே கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு விரற்கடை போகவிடவில்லை. டாக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முட்டியை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்கு அது மரியாதை. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. எழவெடுத்த மானம்.

வீக்கம் இல்லை, சூடு இல்லை. எக்ஸ்ரேயும் முட்டிக்கு மட்டும்தான். எலும்பு பளிச்சென்று இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, சின்ன வயசு, சரியாப்பூடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன். அக்கா நொண்டினால் நடிப்பு. குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்க முடியாவிட்டால் திமிர். "வேலைன்னா வலிக்குது, சோறுன்னா வலிக்காதா? படம் புடிச்சே பாத்தாச்சு, இன்னும் இன்னா நாடகம்?" என்பார் மாமியார். அக்கா புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். சோறும்தான் அவளுக்கு இறங்கவில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுடும். தூக்கத்தில் புரண்டால் வலியில் முனகி விழித்துக்கொள்வாள். எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் அம்மாவே, "பொறுத்துக்கினு போடி, இங்க வந்து ஒக்காந்துடாத" என்றுதான் சொன்னாள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடக்கவே முடியாமல் போனபோது கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். அப்பா மெட்ராஸில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார்; அம்மாவும் நானும் கூடப் போனோம். காய்ச்சல் உண்டா, இளைத்தாயா, தூங்க முடிகிறதா என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். திரையை இழுத்துவிட்டுப் படுக்கவைத்தார். முட்டியைத் தொட்டுப் பார்த்ததோடு விடவில்லை. காலை மடக்கித் தொடையோடு சேர்த்து மெல்ல உள்பக்கம் திருப்பினார். அக்கா போட்ட கூச்சல் வெளியே நின்ற அப்பாவுக்குக் கேட்டது. இடுப்பை எக்ஸ்ரே எடுத்ததும் தெரிந்துவிட்டது, மூட்டில் காசநோய். இடுப்பில் நோய் இருந்தால் முட்டியில் வலிக்குமாம்; இரண்டுக்கும் போகிற நரம்பு ஒன்றாம். "இத்தனை நாளா யாருமே காலைத் தூக்கிப் பாக்கலியா?" என்று கேட்டார். முன்னாலேயே வந்திருந்தால் மூட்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஊசியும் மாவுக்கட்டுமாக மாதக்கணக்கில் கிடந்து நோய் தீர்ந்தது. இடுப்பு மடங்காமல் இறுகிவிட்டது, அந்தக் கால் குட்டையாகிவிட்டது. போன வருஷம் என் பேரன் முட்டி வலிக்கிறது என்று போனபோது, டாக்டர் முட்டியோடு இடுப்பையும் திருப்பிப் பார்த்தார். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை என் அக்காவுக்குக் கொடுக்க ஒரு நாதி இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு மாமியார் தட்டில் பழமும் பூவுமாக வந்தார், அழைத்துப் போக. "இடுப்புன்னு மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா நாங்க பாக்காமயா உட்ருப்போம்? சரி, கெளம்பு" என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு வலிச்சது முட்டிதான், அத்தே. அன்னிக்கும் அதான் சொன்னேன், இன்னிக்கும் அதான் சொல்றேன்."

தட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். அந்த வீட்டுக்கு அப்புறம் அவள் போகவேயில்லை.